நத்தை ஓட்டில் குடித்தனம் நடத்தும் மீன்

சேற்றுழவின்போது காலில் தட்டுப்படும் வெற்று நத்தை ஓட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. எடுத்து வரப்பில் எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள டாங்கனிகா ஏரியிலோ இத்தகைய ஓடு ஒன்று கிடைத்தால் அது ஒரு வீடு. அந்த வீட்டில் குடியிருந்து, முட்டையிட்டு, குஞ்சு வளர்த்து, வீட்டைக் காக்கச் சண்டையும் போடும் சிறு மீன்கள் அங்கே பல இனம் உண்டு. அவற்றுள் மிகச் சிறியது முழு வளர்ச்சி அடைந்தாலும் இரண்டு அங்குலத்தை எட்டுவதில்லை.

இது சாப்பாட்டுக்கு உதவும் மீன் அன்று. குளத்தில் விட்டு வளர்த்து எடைபோட்டு விற்கவும் முடியாது. கண்ணாடித் தொட்டியில் வைத்து வேடிக்கை பார்ப்பவர்கள் எண்ணிக்கைக் கணக்கில் வாங்கும் அலங்கார மீன் இது. சென்னை கொளத்தூர்ப் பகுதியில் அலங்கார மீன் உற்பத்தி குடிசைத் தொழிலாக வளர்ந்திருப்பதைப் பலரும் அறிவர். அங்கிருந்து வரும் செய்தியைக் கேட்டு, மாட்டுக் கொட்டகை ஓரம் இரண்டு தொட்டி கட்டிப் பார்க்கலாமா என்று எண்ணும் சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் தடை தண்ணீர்தான். விலை போகும் அலங்கார மீன்களில் பல, தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை; மென்மையான நீரில்தான் அவை நன்கு முட்டையிட்டுப் பெருகும். பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத கிணற்று நீர் அவற்றுக்கு ஒத்துவராது.

நத்தை ஓட்டு மீன் இதற்கு நேர்மாறு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரே அதற்குச் சொந்த ஊர்த் தண்ணீர். ஆகவே வறண்ட மாவட்டங்களில் இருப்பவர்கள் இம்மீனைப் பற்றித் தெரிந்துகொள்வது பயனுடையது. ஆனால் அதன் வாழ்க்கை முறையை அறியாமல் தொட்டி வாங்குவது, பட்டம் தெரியாமல் விதைப்பதற்குச் சமம்.

ஏரியும் ஓட்டு மேடும்

டாங்கனிகா ஏரி தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளுக்கு நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. நீளம் சுமார் 670 கிலோமீட்டர். ஆழமான இடத்தில் சுமார் 1,470 மீட்டர். உலகத்து நன்னீர் ஏரிகளில் ஆழத்தில் இதற்கு இரண்டாம் இடம். முதலிடம் சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு. பல லட்சம் ஆண்டுகளாக வெளியுலகோடு அதிகத் தொடர்பின்றி இருந்ததால், இதில் வாழும் மீன்கள் பலவும் வேறு எங்கும் காணப்படாதவை. சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் இந்த ஒரே ஏரியில் உள்ளன.

சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும் அந்தக் குடும்பம் நமக்கு அறிமுகமானதுதான். ஏரி குளங்களில் எல்லாம் நிறைந்துவிட்ட ஜிலேபி மீன் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளத்தில் கரிமீன் என்று பெயர் பெற்ற உள்நாட்டு மீனும் அப்படியே. முட்டையிட்டுவிட்டுப் போய்விடாமல், முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது இக்குடும்பத்தின் பொதுக் குணம்.

டாங்கனிகா ஏரியில் நியோதௌமா என்று ஒரு நத்தை உண்டு. அதன் ஓடு இரண்டு அங்குலம் வரை வளரும். முட்டையிடாமல் குட்டி போடும் நத்தைக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. நம் ஊர்க் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் காணப்படும் கூம்பு வடிவச் சிறு நத்தையும் அதே குடும்பம்தான். நத்தை செத்ததும் ஓடு அடியில் தங்குகிறது. மற்ற இடமாயிருந்தால் கொஞ்ச காலத்தில் கரைந்து போகும். இந்த ஏரியின் நீரிலோ ஓடு எளிதில் கரைவதில்லை. நீரில் சுண்ணாம்பும் காரமும் மிகுதியாக இருப்பதே காரணம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஓடுகளும் நேற்றுச் செத்த நத்தையின் ஓடும் ஒன்றாகக் கலந்து, ஏக்கர் கணக்கில் ஓட்டு மேடுகளாகப் பரவிக் கிடக்கின்றன.

அந்தப் பரப்பில் பாறை கிடையாது, செடி கிடையாது. எங்கு பார்த்தாலும் மணலும் ஓடும்தான். தன்னைவிடப் பெரிய மீன்கள் சுற்றித் திரியும் இடத்தில் ஒரு சிறு மீனுக்கு ஒளிய இடம் வேண்டும். முட்டையை வைக்கவும் இடம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி நத்தை ஓடு. ஓடு இல்லாத மீனுக்கு அங்கே உயிரும் இல்லை, வம்சமும் இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த மீன்களின் உடல் அளவு, குடும்ப அமைப்பு, சண்டை, திருட்டு எல்லாவற்றுக்கும் விளக்கம் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

கூட்டுக் குடும்பம்

இவற்றுள் மிகச் சிறியதன் பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிபாசியேட்டஸ். வாய்க்குள் நுழையாத பெயர். மீன் கடைக்காரர்கள் ‘மல்டி’ என்று சுருக்கிச் சொல்வார்கள். வெளிறிய உடலில் மேலிருந்து கீழாக நெருக்கமாய்ப் பழுப்புக் கோடுகள் ஓடும். ஆண் ஒன்றே முக்கால் அங்குலம் வரும். பெண் அதைவிடச் சிறியது.

இது தனியாக வாழ்வதில்லை. ஒரு பெரிய ஆண், சில பெண்கள், வளர்ந்த பிள்ளைகள், குஞ்சுகள் என்று இருபது மீன் வரை ஒரு கூட்டமாய் இருக்கும். கூட்டத்துக்கென்று ஒரு சிறு பரப்பு உண்டு. அதில் மண்ணில் புதைந்த ஓடுகளை இந்த மீன்களே தோண்டி வெளிப்படுத்துகின்றன. வாயில் மணலை அள்ளி அப்பால் கொண்டுபோய்த் துப்பும். மறுபடி வந்து அள்ளும். நாள் முழுதும் இதே வேலை. விரல் நீளம்கூட இல்லாத மீன் ஒரு கூடை மண்ணைப் புரட்டுவதைப் பார்த்தால், வரப்பு வெட்டும் ஆள் தோற்றான் என்றே தோன்றும். பெண் ஓட்டின் உட்சுருளில் முட்டையிடும். குஞ்சு பொரித்துச் சுமார் பத்து நாளில் ஓட்டின் வாயருகே தலைகாட்டும். ஆபத்து என்றால் உள்ளே ஓடிவிடும்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகும் விரட்டப்படுவதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடும். பெண்ணே வேறு கூட்டத்துக்குக் குடிபோகும். புதிதாய் வந்த பெண்ணை அங்குள்ள பெண்கள் துரத்தித் துரத்திக் கடிக்கும். அப்போது பெரிய ஆண் குறுக்கே புகுந்து சண்டையை விலக்கிவிடும் என்று 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மாமியார் வீட்டு வழக்கம் மீனுக்கும் உண்டு போலும்!

ஓடு திருடும் மீன்

அதே ஏரியில் லாம்ப்ரோலோகஸ் காலிப்டெரஸ் என்ற மற்றோர் இனம் உண்டு. இதை வீட்டில் வளர்ப்பவர் குறைவு. ஆனாலும் இதன் கதை சொல்லாமல் விடத் தக்கதன்று.

இதில் பெண் இரண்டு அங்குலம் அளவில் இருக்கும். ஓட்டுக்குள் நுழைய வேண்டியது பெண்தான். ஆகவே அது சிறியதாய் இருந்தாக வேண்டும். ஆணுக்கு வேறு வேலை. ஏரியடியில் கிடக்கும் வெற்று ஓடுகளை வாயில் கவ்வித் தூக்கிவந்து ஓரிடத்தில் குவிக்க வேண்டும். பத்து, இருபது, சில வேளை அதற்கும் மேல் ஓடுகள் சேர்க்கும். குவியல் பெரிதானால் அதிகப் பெண்கள் வந்து குடியேறும். ஓட்டைத் தூக்க வலு வேண்டும். ஆகவே ஆண் பெரியதாய் இருந்தாக வேண்டும். இவ்வாறு இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனதன் விளைவாக, சராசரியில் ஆணின் எடை பெண்ணின் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆண் பெண்ணைவிட இவ்வளவு மடங்கு பெரிதாக இருப்பது விலங்கினங்களில் வேறு எதிலும் அறியப்படவில்லை. ஏரியின் வெவ்வேறு கரைகளில் கிடைக்கும் ஓடுகளின் அளவு மாறுபடுகிறது. சிறிய ஓடு கிடைக்கும் இடத்தில் பெண்களும் சிறியனவாகவே இருக்கின்றன.

ஓட்டைத் தேடி அலைவதைவிட அடுத்தவன் குவியலில் எடுப்பது சுலபம் என்பது இந்த ஆண்களுக்கும் தெரியும். காவல் சற்றுத் தளர்ந்தால் பக்கத்துக் குவியலிலிருந்து ஓட்டைக் கவ்விக்கொண்டு போய்விடும். அந்த ஓட்டுக்குள் முட்டையோடு ஒரு பெண் இருந்தால் அதன் கதி பரிதாபம். புதிய ஆண் அதை வெளியேற்றிவிடும். அடை காத்த முட்டையும் குஞ்சும் பாழ். குவியலையே வேறோர் ஆண் கைப்பற்றினாலும் இதே நிலைதான்.

இத்தனை காவலையும் ஏய்க்கும் ஒரு கூட்டமும் உண்டு. சில ஆண்கள் பிறவிக் குள்ளர்கள். பெரிய ஆணின் எடையில் நூற்றில் இரண்டரைப் பங்குதான் இருக்கும். ஓட்டின் வாயைப் பெண் அடைத்துக்கொண்டிருக்கும்போதே அதை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்து, உட்சுருளின் கோடிக்குப் போய் அமர்ந்து, அங்கிருந்தே முட்டைகளைக் கருவுறச் செய்யும். வெளியே காவல் நிற்கும் பெரிய ஆணால் ஒன்றும் செய்ய இயலாது. தந்தை குள்ளனானால் ஆண் மக்களும் குள்ளராகவே பிறக்கின்றன. இரண்டு வகையும் தலைமுறை தலைமுறையாக அழியாமல் இருந்து வருகின்றன.

மூன்றாவதாகச் சொல்லத் தக்கது லாம்ப்ரோலோகஸ் ஓசெல்லேட்டஸ். இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் வரும் இந்த மீனும் கடைகளில் கிடைக்கக் கூடியது. தன் ஓட்டை மணலில் புதைத்து வாய் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளும். முரட்டு மீன். தொட்டிக்குள் கை விட்டால் கையையே கடிக்க வரும். சிறிய தொட்டியில் இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் ஒன்று மிஞ்சுவது கடினம். புதிதாய்த் தொடங்குவோருக்கு மல்டியே ஏற்றது.

ஏரிக்கு வந்த கேடு

இந்த ஓட்டு மேடுகளுக்கு ஆபத்து தண்ணீருக்குள்ளிருந்து வரவில்லை, கரையிலிருந்து வருகிறது. ஏரியின் வடபகுதியைச் சுற்றியுள்ள மலைச் சரிவுகளில் காடுகளை வெட்டிச் சாகுபடி செய்ததன் விளைவாக மேல்மண் மழையில் கரைந்து ஏரியில் இறங்குகிறது. மண் அதிகம் படியும் கரைகளில் உயிரின வகைகள் குறைந்திருப்பதை 1993ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். ஓட்டின் வாய் சேற்றில் மூடிக்கொண்டால் உள்ளே மீன் எப்படி நுழையும்? சரிவுக்குக் குறுக்கே உழாமல் நெடுக்கே உழுத வயலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை மலைச் சரிவில் பயிர் செய்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விவசாயி இழப்பது மேல்மண். அதே மண்ணால் கீழே ஏரிக்குள் ஒரு மீனின் வீடு போகிறது.

ஏரியின் மேல் நீர் வெப்பமடைந்து வருவதும் 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. மேல் நீர் சூடேறினால் அடி நீரோடு கலப்பது குறைகிறது. அடியிலுள்ள சத்து மேலே வராமற் போவதால் மீன்களுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் குறைகின்றன. சுற்றியுள்ள நாடுகளின் மீனவர் வாழ்வும் இதில் அடங்கியிருக்கிறது.

வளர்க்க விரும்பினால்

முதலில் தண்ணீரைச் சோதித்தல் வேண்டும். மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதித்துத் தருகிறார்கள். அந்தச் சீட்டில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கார அமில நிலை. டாங்கனிகா ஏரி நீரில் இது சுமார் 8.6 முதல் 9.2 வரை இருக்கிறது. தொட்டிகளில் பிறந்து வளர்ந்த மீன்களுக்கு 8க்குச் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. இரண்டாவது மின் கடத்தும் திறன். ஏரி நீரில் இது 0.6, 0.7 என்ற அளவில்தான் உள்ளது. உங்கள் கிணற்று நீரில் 2, 3 என்று இருந்தால் அது வெறும் கடின நீர் அன்று, உப்பு நீர். கடின நீரும் உப்பு நீரும் ஒன்றென்று எண்ணிப் பணத்தைப் போட்டுவிடக் கூடாது. நாக்கில் உப்புக் கரித்தால் இந்த மீனை மறந்துவிடுவது நல்லது.

ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்த உடனே தொட்டியில் ஊற்றுவது தவறு. நிலத்தடியில் இருக்கையில் அதில் கரியமில வாயு கலந்திருக்கும். அதனால் கார அமில நிலை முதலில் குறைவாகக் காட்டும். காற்றுப் பட்டதும் ஏறும். ஏறும் வேகத்தை மீன் தாங்காது. ஒரு நாள் இரண்டு நாள் தனித் தொட்டியில் காற்றுக் குமிழி விட்டு வைத்திருந்து பிறகு பயன்படுத்த வேண்டும்.

ஒரு கூட்டத்துக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி போதும். ஐம்பது லிட்டர் அளவு நீர் பிடிக்கும். அடியில் இரண்டு அங்குலம் நைசான ஆற்று மணல் போட வேண்டும். மணலை நன்கு அலசித் தெளிந்த நீர் வரும்வரை கழுவுதல் அவசியம். கூழாங்கல் கூடாது, மீனால் தோண்ட முடியாது. தோண்ட முடியாத மல்டி, கட்டிப்போட்ட மாடு மாதிரி. நீரைச் சுத்தம் செய்யப் பஞ்சு வடிகட்டியும் சிறு காற்றுப் பம்பும் போதுமானவை. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரானால் பாட்டரியில் ஓடும் பம்பு ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஓடு. இதற்குப் பணம் செலவில்லை. வயலிலும் குளத்து ஓரத்திலும் கிடைக்கும் நத்தை ஓடுகளே போதும். ஒன்றரை அங்குலம் வரை உள்ள ஓடு மல்டிக்குப் பொருந்தும். வாய் உடையாதது, ஓரம் கூராக இல்லாதது, உட்பக்கம் வழவழப்பானது என்று பார்த்து எடுக்க வேண்டும். பூச்சி மருந்து தெளித்த வயலின் ஓட்டைத் தொட வேண்டாம். எடுத்த ஓடுகளைக் கொதி நீரில் வேகவைத்து, உள்ளே ஒட்டிய சதையை நீக்கி, பலமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடியும் அலசிப் போட வேண்டும். உள்ளே துளி சதை தங்கினாலும் தொட்டி நீர் நாறிவிடும். நத்தையைக் கையாண்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதையும் மறக்கக் கூடாது. ஓட்டைத் தொட்டியில் இறக்கும்போது நீருக்குள் புரட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் மிதக்கும்.

எத்தனை ஓடு என்பதே முக்கியமான கேள்வி. ஒரு மீனுக்கு ஓர் ஓடு என்று கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அப்படிப் போட்டால் பலமுள்ள மீன் நல்ல ஓட்டைப் பிடித்துக்கொள்ளும். மெலிந்தது வெளியே நின்று கடிபட்டுச் சாகும். ஒரு மீனுக்குக் குறைந்தது மூன்று ஓடாவது வேண்டும். எட்டு மீன் விட்டால் இருபத்தைந்து ஓடு போடலாம். பிறக்கப் போகும் குஞ்சுகளுக்கும் வீடு தேவை. ஓடு கூடினால் சண்டை குறையும், முட்டையும் கூடும். ஓட்டை அடுக்கி வைக்க வேண்டாம். மணல்மேல் பரப்பிப் போட்டால் தனக்கு வேண்டியபடி மீனே புதைத்து அமைத்துக்கொள்ளும். அமைத்த பின் கை வைத்து மாற்றக் கூடாது.

இளம் மீனில் ஆண் பெண் பிரித்தறிவது மிகக் கடினம். ஆகவே ஜோடியாகத் தேடாமல் எட்டு பத்து இளம் மீன்களை ஒன்றாக வாங்கி விடுவதே வழி. ஆறேழு மாதத்தில் அவை தாமே கூட்டம் அமைத்துக்கொள்ளும். உள்நாட்டில் தொட்டியிலேயே பிறந்த மீன்களை வாங்குவது நல்லது. வெளிநாட்டிலிருந்து நேராகத் தருவிப்பதற்கு அரசின் அனுமதியும், நோய் பரவாமல் தனித்து வைத்துச் சோதிக்கும் ஏற்பாடும் தேவை. சிறு விவசாயி அந்த வழியில் இறங்க வேண்டியதில்லை.

தீனியும் குஞ்சும்

ஏரியில் இம்மீன் நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணிய உயிர்களைப் பிடித்துத் தின்கிறது. வாய் சிறியது, தீனியும் சிறியதாய் இருக்க வேண்டும். தண்ணீர்த் தெள்ளு என்று சொல்லப்படும் சிறு உயிர்களைத் தனித் தொட்டியில் வளர்த்துத் தரலாம். கடையில் கிடைக்கும் ஆர்ட்டீமியா முட்டையைப் பொரித்துக் கொடுப்பது குஞ்சுகளுக்கு மிக நல்லது. உலர் தீனியானால் பொடித்துத் தூவ வேண்டும். காலை மாலை இரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். நீரின் காரத்தன்மை கூடக் கூட அதன் நச்சும் கூடும். கப்பியும் மோலியும் வளர்த்துப் பழகியவர்கள் அதே கையால் தாராளமாகத் தீனி போட்டு, கார நீரில் மீனைச் சாகவிட இடம் உண்டு. வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே வெப்பமும் அதே தன்மையும் உள்ள ஆறிய நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். நீர் அழுக்காகிவிட்டதே என்று முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவது அதைவிடக் கெடுதல்.

ஏரியின் மேல் நீர் ஆண்டு முழுதும் பெரும்பாலும் 24 முதல் 28 டிகிரி செல்ஷியஸ் அளவில் இருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த தொட்டி நீர் இதைத் தாண்டிவிடும். கீற்றுக் கொட்டகை, மண் சுவர், மர நிழல் ஆகியவை உதவும். கோடையில் காற்றுப் பம்பை நிறுத்தவே கூடாது. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். குளிர்காலத்தில் சமவெளி மாவட்டங்களில் பெரிய தொல்லை இராது.

குஞ்சுகளைத் தாய் தந்தை தின்றுவிடும் என்ற அச்சத்தில் பலர் அவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். மல்டியில் அது வேண்டாத வேலை. ஒரே தொட்டியில் மூன்று பருவத்துக் குஞ்சுகள் பெற்றோருடன் சேர்ந்து வளர்வதைக் காணலாம். கூட்டம் நெருக்கமாகும்போது ஓர் அங்குலம் தொட்ட குஞ்சுகளை மட்டும் எடுத்து வேறு தொட்டியில் விட்டால் போதும்.

லாபம் எப்படி?

ஆசை காட்டிப் பயனில்லை. மோலி மாதம் தவறாமல் பத்துக் கணக்கில் குட்டி போடும். மல்டி ஒரு முறைக்குப் பத்து இருபது முட்டை இடுவதே வழக்கம். வளர்ச்சியும் மெதுவாகத்தான். விற்கும் அளவுக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். முதல் ஆண்டில் கையில் காசு பார்ப்பது அரிது. இதை வாங்குவோரும் எல்லா ஊரிலும் இல்லை. பெரிய நகரங்களில் விவரம் தெரிந்து தேடி வாங்கும் சிலரே. எனவே மீன் வாங்கும் முன் விற்குமிடத்தை விசாரிக்க வேண்டும். அருகிலுள்ள நகரத்தில் இரண்டு மூன்று கடைக்காரர்களைக் கேட்டு, மாதம் எத்தனை எடுத்துக்கொள்வார்கள் என்று அறிந்த பிறகே இறங்குவது புத்தி. கடன் வாங்கித் தொடங்கத் தக்க தொழில் இதுவன்று. ஒரு தொட்டியில் ஆரம்பித்து, ஓராண்டு மீனை உயிரோடு வைத்துக் குஞ்சும் எடுத்த பின்னரே இரண்டாவது தொட்டியைப் பற்றி எண்ணலாம். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சி பற்றிக் கேட்டறியலாம்.

வேண்டாத மீனைக் கிணற்றிலோ குளத்திலோ விட்டுவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. கட்டாயம் தவிர்க்க வேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் இன்று எந்தக் குளத்தில் வலை போட்டாலும் வருகிறது. அதனால் உள்ளூர் மீன்கள் பட்ட பாட்டைக் குளம் குத்தகை எடுப்பவர்கள் அறிவார்கள். இது சிறிய மீன்தானே என்ற அலட்சியம் வேண்டாம். தொட்டி நீரை மாற்றும்போதும் வாய்க்காலில் கொட்டாமல் தென்னை, வாழைக்கு ஊற்றிவிடலாம்.

விற்பனைக்குப் பிடிக்கும்போது வலை உதவாது. கை நிழல் பட்டதும் எல்லா மீனும் ஓட்டுக்குள் போய்விடும். ஓட்டை உடைக்கவோ குச்சியால் குத்தவோ கூடாது. ஓட்டை மீனோடு எடுத்து, நீர் நிரம்பிய ஒரு சட்டியின்மேல் வாய்ப்பக்கம் கீழாகப் பிடித்து மெல்லச் சாய்த்தால் உள்ளிருக்கும் நீரோடு மீனும் வழுக்கி வந்துவிடும். வராத மீனை ஓட்டோடு சட்டி நீரில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் தானே வெளியே வரும். தொலைவுக்கு அனுப்புவதாயின் ஒரு பைக்குள் நாலைந்து மீனுக்கு மேல் போடாமல், முதல் நாள் தீனி நிறுத்தி அனுப்ப வேண்டும். பையில் ஓடு போட்டு அனுப்பக் கூடாது. வண்டியின் ஆட்டத்தில் ஓடு உருண்டு மீனை நசுக்கிவிடும். வேண்டுமானால் வாங்குபவருக்கு ஓட்டைத் தனியே ஒரு காகிதத்தில் கட்டிக் கொடுக்கலாம். நகரத்தில் நத்தை ஓடு கிடைப்பதில்லை. அதற்கும் ஒரு விலை கேட்கலாம்.